திகன கல்லும் ஒரு கலாநிதிப் பட்டமும்

கண்டியிலிருந்து குண்டசாலை வழியாகத் திகன பக்கம் போனவர்களுக்கு அந்த வெள்ளைத் தூசி தெரியும். சுண்ணாம்புச் சூளைகளுக்கு அருகே நிற்கும் மரங்களில் இலையின் பச்சை, நல்ல மழை பெய்த பிறகுதான் கண்ணுக்குப் படும். அங்கே வேகும் கல்லின் பெயர் டொலமைட். கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த பாறை. சுட்டால் சுவர் பூசும் சுண்ணாம்பு. சுடாமல் அரைத்தால் தேயிலைக்குப் போகும் தூள். கவ்வாத்து வெட்டிய மலையில் மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் தூவுவது எங்கள் தோட்டங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை.

அதே கல்லுக்குள் இன்னொரு சரக்கும் இருக்கிறது. அதிலிருந்து கல்சியத்தை மட்டும் பிரித்து, கரைத்து, திரும்பவும் படியவைத்தால் மாவைவிட நுண்ணிய வெள்ளைத் தூள் கிடைக்கும். வீழ்படிவுக் கல்சியம் காபனேற்று என்பார்கள். பற்பசையிலும் பெயின்டிலும் கடதாசியிலும் மாத்திரையிலும் இருப்பது அதுதான். தூய்மை குறைந்த டொலமைட் பளிங்கிலிருந்தே இதை எடுக்கலாம் என்று பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010களில் சர்வதேச ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். சூளைக்கும் பேராதனைக்கும் நடுவில் உள்ள தூரம் இருபது கிலோமீற்றர் சொச்சம். ஆனால் ஆய்வுக்கூடத்துக் குப்பியில் இருக்கும் தூள் மூட்டையாகிக் கடைக்குப் போகிற தூரம் அப்படியல்ல. அந்தத் தூரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறிப்பாக, அதை நடந்து கடக்க வேண்டிய ஆளைப் பற்றி. அந்த ஆள் பேராசிரியரும் அல்ல, முதலாளியும் அல்ல. மூன்று நான்கு வருடம் அந்தத் தூளோடு கிடந்து கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்த பிள்ளை.

ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வோம். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பேராதனையில் இரசாயனவியல் முடித்து, அங்கேயே கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்ந்தவள். அவளுடைய முறை இது: டொலமைட்டைச் சுட்டு, அந்தச் சுண்ணாம்பைச் சீனித் தண்ணீரில் கலக்குகிறாள். வெறும் தண்ணீரில் சுண்ணாம்பு கொஞ்சம்தான் கரையும். சீனித் தண்ணீரில் நிறையக் கரையும். மக்னீசியம் கரையாமல் அடியில் நின்றுவிடும். வடித்தெடுத்த தெளிவில் காபனீரொட்சைட்டு வாயுவைக் குமிழிட விட்டால் வெள்ளைத் தூள் படிகிறது, சீனி திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடுகிறது. அழகான இரசாயனம். ஆய்விதழ் ஏற்றுக்கொள்ளும், பரீட்சகர்கள் பாராட்டுவார்கள்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கல்சியத்துக்கு ஒரு சீனி மூலக்கூறு என்று வைத்தால், 100 கிராம் தூளுக்கு 342 கிராம் சீனி வேண்டும். ஒரு டன் தூள் செய்ய ஏறக்குறைய மூன்றரை டன் சீனி தொட்டிகளுக்குள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் 5 சதவீதம் கழுவலோடு போனால் இழப்பு 170 கிலோ. சீனி கிலோ 250 ரூபா என்று பிடித்தால் ஒரு டன்னுக்கு 42,500 ரூபா சீனிக்கே போய்விடும். உலகச் சந்தையில் இந்தத் தூள் டன் சில நூறு டொலருக்கு விற்கிற சரக்கு. குப்பியில் வேலை செய்தபோது அந்த 5 சதவீதத்தை யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இப்போது அவளுடைய முறை பிழைக்குமா சாகுமா என்பதையே அந்த 5 தீர்மானிக்கிறது. அதை ஒன்றாக்க முடியுமா? கழுவும் தண்ணீரைத் திரும்பப் பாவிக்கலாமா? சீனிக்குப் பதில் கழிவுப் பாகு போதுமா, போட்டால் தூள் மஞ்சளடிக்குமா? இந்தக் கேள்விகள் எதுவும் ஆய்வேட்டில் இல்லை. ஆனால் அவற்றுக்குப் பாதி விடை அவள் கையில் இருக்கிறது.

கையில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். இலையை ஒரு பிடி அள்ளி, உருட்டி, விரித்து, போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். நான் சிறுவயதில் வீட்டுச் சுளகில் கொழுந்து பரப்பி வாட்டிப் பார்த்தேன். ஒரே மாதிரி வாடியது. தொட்டியில் அப்படி வாடாது. அங்கே இலை கனமாகக் கிடக்கும், கீழிருந்து காற்று வரும். அடியில் உள்ளது காய்ந்துவிடும், மேலே உள்ளது பச்சையாக நிற்கும், பனி இறங்கிய நாளில் கணக்கே மாறும். எந்தப் பொருளையும் பெரிதாகச் செய்யும்போது நடப்பது இதுதான். அளவு ஆயிரம் மடங்கு கூடினால் வெப்பம் வெளியேறும் பரப்பு ஆயிரம் மடங்கு கூடுவதில்லை. குப்பியில் ஒரு நொடியில் கலந்தது தொட்டியில் கலக்கப் பத்து நிமிடம் எடுக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் தூளின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். பெருத்தால் அது பற்பசைக்கு ஆகாது, சுவருக்குத்தான் ஆகும்.

பொருள் விஞ்ஞானக் கண்டுபிடிப்புகள் சந்தைக்கு வர மற்றவற்றைவிட அதிகக் காலம் எடுப்பதற்கு இதுவே பெரிய காரணம். கைபேசிச் செயலி எழுதியவர் அதை மறுநாளே பத்து இலட்சம் பேருக்குக் கொடுக்கலாம். ஒரு பொருளைப் புதிதாகச் செய்தவர், அதை ஒவ்வொரு படியிலும் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். லித்தியம் மின்கலத்தின் முக்கியமான பொருளை ஒக்ஸ்போர்ட்டில் ஜோன் குட்இனஃப் குழு 1980-ல் வெளியிட்டது. சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-ல். பெரும் பணமும் தொழிற்சாலைகளும் உள்ள நிறுவனங்கள் பின்னால் நின்றும் 11 வருடம். நாசா 1970களில் தொடங்கிய ஒரு அளவுகோல் இருக்கிறது; தொழில்நுட்பம் எவ்வளவு பக்குவப்பட்டது என்பதை அது இன்று 9 படிகளாகப் பிரிக்கிறது. கலாநிதிப் பட்ட ஆய்வு பெரும்பாலும் மூன்றாம் நான்காம் படியில் முடிந்துவிடும். முதலீட்டாளர் ஏழாம் படியில் நின்றுகொண்டு கையை நீட்டுவார். நடுவில் உள்ள படிகளுக்குச் சம்பளம் கொடுப்பவர் யாரும் இல்லை.

இதைச் சொல்லும்போது ஹந்தானையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கண்டி நகருக்கு மேலே, ஹந்தானை வீதியில் இருக்கும் அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னகோன் குழுவினர் 1995-ல் ஒரு சூரியக்கல ஆய்வை வெளியிட்டார்கள். நிறச்சாயம் பூசிய நுண்துளைப் படலத்தில் மின்சாரம் எடுக்கும் கலம் 1991-ல் சுவிட்சர்லாந்தில் வந்திருந்தது. அதற்குள் திரவம் வேண்டும், திரவம் ஒழுகும், ஆவியாகும். ஹந்தானையில் திரவத்தை எடுத்துவிட்டுச் செம்பு அயடைட் என்ற திண்மப் பொருளை வைத்தார்கள். உலகம் முழுவதும் இத்துறையில் இருந்தவர்கள் அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தார்கள். 15 வருடம் கழித்து, 2010-ல், திரவமில்லாத இதே குடும்பத்துக் கலங்களை விற்பனைக்குக் கொண்டுவரவென்று ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நிறுவனம் பிரிந்து வந்தது. ஒக்ஸ்போர்ட் பிவி என்று பெயர். அவர்கள் வைத்த திண்மப் பொருள் வேறு, ஆகவே ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் அந்த ஒக்ஸ்போர்ட் ஆய்வுக்குழு பெரோவ்ஸ்கைட் என்ற புதிய பொருளுக்குத் திரும்பியது. 2012-ல் வந்த அந்தப் புகழ்பெற்ற கட்டுரையின் முதல் பெயர் ஒரு கலாநிதிப் பட்ட மாணவருடையது. நிறுவனம் ஏற்கனவே நின்றுகொண்டிருந்ததால் புதிய பொருள் வந்து விழ ஒரு கூடை இருந்தது. 2016-ல் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையை வாங்கினார்கள். முதல் வணிகச் சரக்கு கப்பலேறியது 2024-ல். பதினான்கு வருடம்.

ஹந்தானையில் மூளை குறைவாக இருக்கவில்லை. கூடைதான் இல்லை.

சரி, அந்தக் கூடையை மற்ற இடங்களில் எப்படிப் பின்னுகிறார்கள்? அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் 2011-ல் ஐ-கோர் என்றொரு பயிற்சி தொடங்கியது. பேராசிரியரைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, மாணவரையோ பட்டம் முடித்த இளைய ஆய்வாளரையோ முன்னால் நிறுத்துவது வழக்கம். ஏழு வாரத்தில் நூறு பேரிடம் போய்ப் பேச வேண்டும். விற்கக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். எங்கள் பிள்ளை அப்படிப் பற்பசை செய்யும் இடத்துக்குப் போனால் என்ன கேள்விப்படுவாள்? உன் தூள் எவ்வளவு வெள்ளை என்பது இரண்டாவது கேள்வி. ஈயமும் ஆர்செனிக்கும் எத்தனை, நூறாவது மூட்டையும் முதல் மூட்டை மாதிரியே இருக்குமா, மழைக்காலத்தில் சூளை நின்றால் யார் தருவார் என்பவைதான் முதலில் வரும். பெயின்ட் செய்பவர் வேறு கேட்பார். எண்ணெய் எவ்வளவு உறிஞ்சும் என்பார். இருபது பேரைப் பார்ப்பதற்குள் தன் தூள் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மூன்று வருட ஆய்வில் தெரியாதது.

கேள்வி கேட்டு வந்த பிறகு வேலை செய்ய இடம் வேண்டும், சாப்பாட்டுக்குப் பணம் வேண்டும். கலிபோர்னியாவில் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 2014-ல் தொடங்கிய சைக்ளோட்ரோன் ரோட் என்ற திட்டம் அதைச் செய்தது. ஆளைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடத்துக்கு மாதச் சம்பளம், பெரிய ஆய்வகத்தின் இயந்திரங்கள், கூடவே தொழில் தெரிந்த வழிகாட்டிகள். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: திட்ட அறிக்கைக்குப் பணம் தராமல் ஆளுக்குத் தருகிறார்கள். நமக்குப் பக்கத்தில், சென்னை ஐஐடியின் ஆய்வுப் பூங்கா 2010-லிருந்து இயங்குகிறது. நிறுவனங்களும் மாணவர்களும் ஒரே வளாகத்தில் இருப்பதால் ஆய்வுக்கூடத்திலிருந்து நடந்தே தொழிற்கூடத்துக்குப் போகலாம்.

இலங்கையிலும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2008-ல் அரசும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய நனோ தொழில்நுட்ப நிறுவனம், ஸ்லின்டெக், கொழும்புக்குப் பக்கத்தில் ஹோமாகமையில் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் செய்த ஒரு வேலை எங்கள் மலைக்கு மிக நெருக்கமானது. யூரியாவை எலும்பில் உள்ளதைப் போன்ற ஒரு கல்சியப் பொசுபேற்றின் நனோ துகள்களில் ஏற்றி, அதைக் கிளிரிசிடியா மரக்கட்டையின் நுண்குழாய்களுக்குள் புகுத்தினார்கள். வேலியில் நிற்கிற, ஆட்டுக்கு வெட்டிப் போடுகிற அதே கிளிரிசிடியா. வெவ்வேறு உயரங்களிலிருந்து எடுத்த மூன்று வகை மண்ணில் சோதித்தார்கள். கடை உரம் ஆரம்பத்திலேயே கொட்டிவிட்டு முப்பதாம் நாளளவில் ஓய்ந்தது. இது அறுபதாம் நாளிலும் நைட்ரஜன் விட்டுக்கொண்டிருந்தது. சாய்வு நிலத்தில் மழையோடு உரம் அடித்துப்போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2017-ல் நெல்வயல் சோதனையுடன் அடுத்த கட்டுரை வந்தது. யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் விளைச்சல் குறையவில்லை. பென்சிலில் இருக்கும் காரீயத்திலிருந்து (கிரஃபைட்) கிரஃபீன் என்ற மிக மெல்லிய காபன் படலம் செய்யும் தனி நிறுவனமும் அங்கிருந்தே பிறந்தது.

ஆனால் ஸ்லின்டெக் ஹோமாகமையில் இருக்கிறது. கல் திகனவிலும் மாத்தளையிலும் இருக்கிறது, தேயிலை தலவாக்கலையில் இருக்கிறது, பிள்ளை பேராதனையில் இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு மூட்டைக் கல்லைத் தூக்கிக்கொண்டு கண்டியிலிருந்து பஸ் ஏறிப் போய் யாரும் ஒரு தொழிலை வளர்க்க முடியாது. பல்லேகலையில் கைத்தொழிற் பேட்டை இருக்கிறது, சூளைகளுக்கு மிகவும் பக்கம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், மூலப்பொருளை அப்படியே விற்காமல் பெறுமதி சேர்த்து விற்க வேண்டும் என்ற நோக்கத்துக்காகவே தொடங்கப்பட்டது. கனிய வளத்துக்குத் தனிப் பட்டப்படிப்பே அங்கே உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரு கொட்டகை, இருநூறு லீற்றர் தொட்டி, வடிகட்டி, உலர்த்தி, துகள் அளவு பார்க்கும் கருவி ஒன்று, இவை போதும் என்று நினைக்கிறேன். கட்டடத் திறப்புவிழா அவசியமில்லை.

மலையகத்தில் இது நடந்தே இருக்கிறது என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருவது. 1925-ல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் நல்ல செடிகளைத் தெரிவுசெய்து, விதையில்லாமல் வெட்டுத்தண்டிலிருந்து வளர்க்கும் முறையை உருவாக்கியது. அப்படி வெட்டுத்தண்டில் வளர்த்ததுதான் வீ.பி. தேயிலை; இன்று அந்தப் பெயரைச் சொன்னால் கொழுந்து எடுக்கும் அம்மாமாருக்கு விளக்கம் வேண்டாம். அது கட்டுரையாக வெளிவந்ததால் மலைக்குப் போகவில்லை. தோட்டந்தோறும் நாற்றுமேடை போட்டார்கள், ஆலோசகர்கள் வந்து போனார்கள், மீள்நடுகைக்கு அரசு மானியம் கொடுத்தது, செடி பிடிக்கும்வரை யாரோ பொறுத்திருந்தார்கள். பொருள் விஞ்ஞானத்துக்கும் அதே நாற்றுமேடைதான் வேண்டும். நாடு ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. பல வருடமாக அப்படித்தான். ஆகவே எல்லாவற்றையும் கேட்க முடியாது. எதை முதலில் கேட்பது என்று கேட்டால், இரண்டு வருடச் சம்பளத்தைத்தான் சொல்வேன்.

ஏன் என்று சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, ஒரு பல்கலைக்கழகத்தில் நீர் வடிகட்டும் மட்பாண்டப் பொருள் ஒன்றில் கலாநிதிப் பட்டம் முடித்தாள். பட்டம் உறுதியானதும் மாணவர் அட்டை செல்லாது என்று ஆய்வுக்கூடத்துக்குள் விடவில்லை. இன்னும் ஆறு மாதம் வேலை செய்தால் ஒரு கிராமத்துக் கிணற்றில் வைத்துப் பார்த்திருக்கலாம். உதவித்தொகையும் அதே மாதத்தோடு நின்றது. வீட்டில் அப்பாவுக்குப் பென்ஷன் கிடையாது, தம்பி படித்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் ஒரு வேலை வந்தது, போய்விட்டாள். போகாமல் என்ன செய்வாள்? கொழும்பில் வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு வருடம் சம்பளமில்லாமல் முயன்று பார்க்கலாம். தோற்றால் அப்பா இருக்கிறார். லயத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்த பிள்ளையின் பட்டத்துக்கு முழுக் குடும்பமும் காத்திருக்கிறது. தொழில்முனைவுக்குத் துணிவு வேண்டும் என்று மேடையில் சொல்பவர்கள், துணிவின் செலவை யார் கட்டுகிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். அவளோடு சேர்ந்து அந்த மட்பாண்டமும் போய்விட்டது. ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. எந்தக் களிமண்ணை எந்த ஈரத்தில் பிசைய வேண்டும் என்ற கைப்பக்குவம் அதில் இல்லை.

பணம் இல்லாமலே இன்றே செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. அது ஆக்கவுரிமை, பேட்டன்ட். கண்டுபிடிப்பு புதியதாக இருந்தால்தான் ஆக்கவுரிமை கிடைக்கும். நீங்களே மாநாட்டில் பேசிவிட்டாலும், ஆய்வேட்டை நூலகத்தில் வைத்துவிட்டாலும் அது உலகத்துக்குத் தெரிந்ததாகிவிடும். இலங்கையின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கண்டுபிடிப்பாளர் தானே வெளியிட்டதற்கு ஓராண்டு சலுகை தருகிறது. அமெரிக்காவிலும் ஓராண்டு உண்டு. ஐரோப்பாவில் அது கிடையாது. பேசிய அன்றே வாசல் மூடிவிடும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் விண்ணப்பம், அப்புறம் மாநாடு, அப்புறம் ஆய்வேடு. கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பித்த திகதியிலிருந்து 12 மாதத்துக்குள், அதே திகதி உரிமையோடு மற்ற நாடுகளுக்கும் போகலாம். சர்வதேச ஒப்பந்த வழியில் போனால் எந்தெந்த நாடு என்று தீர்மானிக்கப் பெரும்பாலும் 30 மாதம் வரை கிடைக்கும். அந்த 30 மாதம்தான் தொட்டியில் செய்து பார்க்கவும், வாங்குபவரைத் தேடவும் உள்ள காலம். உரிமை யாருக்கு எவ்வளவு என்பதையும், மாணவருக்கு, மேற்பார்வையாளருக்கு, பல்கலைக்கழகத்துக்கு என்று, ஆய்வு தொடங்கும்போதே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கேட்டால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். இப்போது பல்கலைக்கழகங்களில் வணிகத் தொடர்புக்கென்று பிரிவுகள் இருக்கின்றன. வாய்மொழிப் பரீட்சைக்கு ஒரு வருடம் முன்பே அங்கே போய் உட்காருங்கள்.

மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றாவது வருடத்தில் பிள்ளையை ஒரு மாதம் சூளைக்கு அனுப்புங்கள். ஆய்விதழில் ஒரு கட்டுரை குறையும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. அங்கே முப்பது வருடம் கல் அடுக்கிய ஒரு அண்ணன் இருப்பார். கற்குழியின் எந்த முகப்பில் வெட்டிய கல் சீக்கிரம் வேகும், எது சூடேறியதும் வெடித்துச் சிதறும், எந்தக் கல் வெந்த பிறகும் சாம்பல் நிறத்தில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்துக்கு வந்த மாதிரிக் கல் எந்த முகப்பில் எடுத்தது என்று அவர் கேட்பார். அவளுடைய மூன்று வருட அளவீடுகளும் ஒரே ஒரு முகப்பின் கல்லில் எடுத்தவையாக இருக்கக்கூடும். அப்படியானால் மற்ற முகப்புகளிலிருந்தும் ஒவ்வொரு சாக்கு எடுத்துக்கொண்டு பேராதனைக்குத் திரும்பி, வேலையைத் திரும்பத் தொடங்க வேண்டும்.